வீட்டுக் காய்கறித் தோட்டம்: வால்பாறை கற்பிக்கும் பாடம்

'தன்னிறைவு' என்னும் சொல் பேசப்படாத ஊராட்சிக் கூட்டம் நம் நாட்டில் இல்லை எனலாம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, ஒவ்வொரு தலைமுறை அலுவலரும் 'வீட்டுக்கொரு காய்கறித் தோட்டம்' என்று மேடையேறிச் சொல்லி வந்திருக்கின்றனர். சொன்னது குறைவன்று, நிலைத்ததே குறைவு. விதைப் பொட்டலம் வழங்கிய ஆண்டில் கொல்லைகள் பசுமையாய் இருக்கும். மறு ஆண்டில் அதே இடத்தில் களை மண்டிக் கிடக்கும். இது ஏன் என்று ஆராயாமல் மீண்டும் மீண்டும் விதை வழங்குவதால் பயனில்லை.

இவ்வினாவுக்கு விடை தேட, நிலம் மிகுந்த ஊரைக்காட்டிலும் நிலமற்றோர் வாழும் ஊரே நல்ல பள்ளிக்கூடம். அத்தகைய ஊர் நம் கோவை மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுவே ஆனைமலைத் தொடரின்மீது அமைந்த வால்பாறை. அது இன்று நகராட்சி; ஊராட்சியன்று. ஆயினும் அங்குள்ள தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளின் பின்புறத்தில் நான் கண்டவை, சமவெளி ஊராட்சிகளுக்கும் பாடமாகத் தக்கவை. ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலராகப் பணியாற்றும் முறையில், அவற்றை இங்கே தொகுத்துக் கூற விரும்புகிறேன்.

பசுமைக்கு நடுவே பற்றாக்குறை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 3,500 அடி உயரத்தை அடைய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அடர்காட்டை அழித்து இங்குத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. சமவெளி மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகள் மூலம் அழைத்துவரப்பட்ட மக்களின் உழைப்பால் அவை வளர்ந்தன. இன்று எத்திசை நோக்கினும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை காட்சியளிக்கிறது.

ஆனால் அப்பசுமையில் ஓர் இலையும் குழம்புக்கு ஆகாது. மலையில் உண்ணப்படும் தக்காளியும் கத்தரிக்காயும் பெரும்பாலும் கீழிருந்து வண்டியேறியே வருகின்றன. ஏற்றுக்கூலி, வாடகை, வழியில் அழுகுவது ஆகிய யாவும் விலையில் சேர்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றாகிய சின்னக்கல்லாறு இம்மலையில்தான் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் மலைப்பாதையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ, காய்கறி வண்டி கீழேயே நின்றுவிடும். 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, தன் கொல்லையில் நான்கு செடி வைத்திருந்தவருக்கும் வைக்காதவருக்கும் உள்ள வேற்றுமையை எல்லா ஊர்களும் உணர்ந்தன. ஒரே சாலையை நம்பி வாழும் மலையூருக்கு அந்த உணர்வு ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருவதாகும்.

எதை நாமே விளைவிப்பது?

தன்னிறைவு என்றவுடன், உண்பதனைத்தையும் வீட்டிலேயே விளைவிக்க வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறு முயன்றோர் சலித்துக் கைவிட்டதே தோட்டங்கள் நிலைக்காமைக்கு முதற்காரணம். அரை சென்ட் கொல்லையில் ஆண்டு முழுவதற்கும் நெல் விளையாது. விளைய வேண்டிய தேவையும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பருப்பும் எண்ணெயும் அங்கே மலிவாய்க் கிடைக்கின்றன. மூட்டையில் கட்டி மாதக்கணக்கில் வைக்கக்கூடிய பொருளுக்கு அரசும் கூட்டுறவும் வழி செய்துள்ளன. வழி செய்ய இயலாதது எது? பறித்த மறுநாளே வாடிவிடும் கீரையும் காயுமே. ஆகவே விரைவில் வாடுவதை வீட்டில் விளைவிப்போம். வாடாததைக் கடையில் வாங்குவோம் என்பதே நம் கொள்கையாதல் வேண்டும்.

இது வெறும் செலவுக் கணக்கன்று. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். அரிசி வயிற்றை நிரப்பும், இக்குறையைத் தீர்க்காது. கீரை ஒன்றே இதற்கு மருந்தாகிவிடாது என்பது உண்மை. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடலாகாது. ஆயினும் நாள்தோறும் கீரை உண்பதும், அதனுடன் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் நற்பயன் தரும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்துவது இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். தேயிலை பறிக்கும் கைகள் இதனை அறிந்திருப்பது நலம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் காய்கறியும் பழமும் சேர்ந்து குறைந்தது 400 கிராம் வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 11 கிலோ. பத்தடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒரு பாத்தியில், நல்ல பராமரிப்பில் ஒரு முறைக்கு 4 கிலோ அளவு தண்டுக்கீரை எதிர்பார்க்கலாம். இத்தகைய நான்கு பாத்திகளுக்கு, நடைபாதை உட்பட அரை சென்ட் நிலம் போதும். வாரத்துக்கு ஒரு பாத்தி என மாறிமாறி விதைத்தால் வாரந்தோறும் ஒரு பாத்தி அறுவடைக்கு வரும். அதாவது குடும்பத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு கொல்லையிலிருந்தே கிடைக்கும். முழுமையும் கிடைக்கும் என்று வாக்களித்து ஏமாற்றுவதைவிட, மூன்றில் ஒரு பங்கு நிச்சயம் என்று சொல்வதே நேர்மை.

ஒரு தாயாரின் தோட்டம்

லைன் வீடு ஒன்றின் பின்னே ஒரு மூதாட்டியார் வைத்திருந்த தோட்டத்தைப் பார்த்தேன். பணி ஓய்வுக்குப் பின் மகளுடன் தங்கியிருப்பவர் அவர். அடுப்பங்கரைக் கதவிலிருந்து பத்தடிக்குள் எல்லாம் அடங்கியிருந்தன: கீரைப் பாத்தி மூன்று, பொன்னாங்கண்ணி ஓரமாக, காந்தாரி மிளகாய்ச் செடி இரண்டு, சிறு பந்தலில் சௌசௌ, பழைய டப்பாக்களில் புதினாவும் மல்லியும்.

"ஏனம்மா, இவ்வளவு இடமிருந்தும் வாழை வைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"வாழை வெச்சா அது நமக்கில்லீங்க, ஆனைக்குங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

"கீரை மிஞ்சினால் விற்பதுண்டா?"

"விக்கிறதுக்குப் போடலீங்க. பேரப்பிள்ளைங்க தட்டுல பச்சை இருக்கோணும், அவ்வளவுதானுங்க."

எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் காணாத மூன்று பாடங்கள் இதில் உள்ளன. தோட்டம் அடுப்புக்கு அருகில் இருக்க வேண்டும். தொலைவிலுள்ள பாத்திக்குத் தண்ணீரும் கவனமும் போய்ச் சேர்வதில்லை. பயிரை இடம் தீர்மானிக்க வேண்டும், நம் விருப்பமன்று. நோக்கம் தட்டாக இருக்க வேண்டும், சந்தையன்று. சந்தையை நோக்கித் தொடங்கிய கொல்லைத் தோட்டம் முதல் விலை வீழ்ச்சியிலேயே கைவிடப்படும். தட்டை நோக்கித் தொடங்கியது தொடரும்.

மண்ணும் மழையும்

இனிச் செய்முறைக்கு வருவோம். தேயிலை அமில மண்ணில் செழிக்கும். காய்கறிக்கு அம்மண் ஒவ்வாது. ஆகையால் தேயிலை மலையில் பாத்தி போடுவோர், விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே வேளாண் சுண்ணாம்போ டோலோமைட்டோ இட்டு மண்ணைக் கொத்திக் கலக்க வேண்டும். மண் பரிசோதனை செய்து அளவை அறிவதே முறை. பொதுவாக மேற்சொன்ன பாத்திக்கு அரை கிலோவில் தொடங்கலாம். அடுப்புச் சாம்பலும் சிறிதளவு உதவும். சமவெளியில் உள்ளோர் இதை அப்படியே பின்பற்றலாகாது. கோவை, திருப்பூர்ப் பகுதிகளின் கரிசலும் சுண்ணாம்புச் செம்மண்ணும் ஏற்கனவே களர் பக்கம் சாய்ந்தவை. அங்குச் சுண்ணாம்பு இடுவது கேடு.

பாத்தியை ஓரடி உயரத்துக்கு மேடாக்கி, சரிவுக்குக் குறுக்காக அமைத்து, பக்கத்தில் வாய்க்கால் விட வேண்டும். சரிவின் போக்கிலேயே நீளவாட்டில் அமைத்தால், ஒரே மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். பாத்திக்கு ஏறத்தாழ 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடுக. கீரை விதை அரைத் தேக்கரண்டி எடுத்து, பொடிமணலுடன் கலந்து சீராகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடுக. சமவெளியில் 25 நாளில் பிடுங்கும் கீரை, மலையில் 30 முதல் 35 நாள் கேட்கும். ஒரே பாத்தியில் தொடர்ந்து கீரையே விதைத்தால் இலைநோய் பெருகும். இடையில் முள்ளங்கியோ செடிபீன்ஸோ மாற்றி விதைக்க வேண்டும்.

பருவம் அறிதல் எல்லாவற்றினும் முக்கியம். இதனை நான் பட்டறிந்தே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் விதைப் பொட்டலம் வழங்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. பொட்டலங்கள் வந்து சேர்ந்தது ஜூன் மாதத்தில். கணக்கு முடிக்க வேண்டுமென்று அன்றே வழங்கினேன். மக்களும் நம்பி விதைத்தனர். பத்தே நாளில் பெய்த மழை அனைத்தையும் அடித்துச் சென்றது. பதிவேட்டில் பணி நிறைவுற்றது. கொல்லையில் ஒரு செடியும் இல்லை. மறு ஆண்டு அதே வீடுகளுக்குச் சென்றபோது, "போன தடவை மாதிரியா?" என்று ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விதை வழங்கும் நாளை வானம் தீர்மானிக்க வேண்டுமேயன்றிப் பதிவேடு தீர்மானிக்கலாகாது.

வால்பாறை போன்ற மலைகளில் செப்டம்பர் இறுதி முதல் பாத்தி போடத் தொடங்கி, மே வரை விதைப்பைத் தொடரலாம். டிசம்பர் முதல் பனியும் வறட்சியும் இருக்கும். அப்போது காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாத்தியை நம்பலாகாது. அம்மாதங்களுக்கெனப் பந்தல் சௌசௌ, தண்டு நட்டால் தழைக்கும் பொன்னாங்கண்ணி, ஈரத்தை விரும்பும் வல்லாரை, கூரைத் தாழ்வாரத்தின்கீழ்த் தொட்டியில் மிளகாய், மணத்தக்காளி ஆகியவற்றை முன்கூட்டியே வளர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சௌசௌவுக்கு விதை வாங்க வேண்டியதில்லை; முளைவிட்ட முழுக்காய் ஒன்றையே நட்டால் போதும்.

வனவிலங்கும் கொல்லையும்

வால்பாறையைச் சூழ்ந்திருப்பது 2007-இல் அறிவிக்கப்பெற்ற ஆனைமலைப் புலிகள் காப்பகம். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையேயுள்ள சோலைகளின் வழியே யானைகள் நடமாடுவது வழக்கம். அரிசி, பருப்பின் மணத்தை நாடி நியாயவிலைக் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் அவை உடைத்த நிகழ்ச்சிகள் பல. இங்கு வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் வைப்பது யானைக்கு அழைப்பு விடுப்பதாகும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகளைக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிளறும். இஞ்சி, மஞ்சள், மிளகாய், புதினா போன்றவற்றுக்கு அத்தகைய தொல்லை குறைவு.

இதனினும் கவலைக்குரியது சிறுத்தை. 2025-ஆம் ஆண்டு வால்பாறைத் தோட்டங்களில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கலாகாது. ஒரு பாத்திக் கீரை ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாகாது. ஆகவே மலையோர ஊர்களில் தோட்டத்தின் முதல் விதி பாதுகாப்பு. வீட்டைச் சுற்றிப் புதர் மண்ட விடாதீர். பந்தலின் அடிப்பகுதி மறைவாக இல்லாமல் வெளிச்சமாக இருக்கட்டும். அந்தி சாய்ந்தபின் குழந்தைகளைக் கொல்லைக்கு அனுப்பாதீர். கோழியும் ஆடும் வளர்ப்போர் உறுதியான கூண்டில் அடைக்க வேண்டும். சமையல் கழிவைத் திறந்தவெளியில் கொட்டினால் பன்றியும் நாயும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். அதே கழிவை மூடியுள்ள உரக்குழியில் இட்டு மண் தூவி வந்தால் ஆபத்தும் நீங்கும், சில மாதங்களில் உரமும் கிடைக்கும்.

மற்றொன்று, தேயிலை நிரைகளில் களைக்கொல்லி தெளித்திருக்கக்கூடும். அங்கு முளைத்த கீரையைப் பறித்துச் சமைக்கலாகாது. காலியான மருந்துக் கலங்களில் தண்ணீர் எடுத்துப் பாத்திக்கு ஊற்றுவதும் கூடாது.

சமவெளியில் யானைக்குப் பதில் மயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் தொல்லை தருவன. அங்கு நாற்றுப் பருவத்தில் பழைய வலை போர்த்துவதும், குளித்த நீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்புவதும் தக்க வழிகள். இடத்துக்கு இடம் பகை வேறு. பயிரும் வேறாதல் வேண்டும்.

நிலம் யாருடையது?

தோட்டங்கள் நிலைக்காமைக்கு மற்றொரு காரணம் உண்டு. அது மண்ணில் இல்லை, பட்டாவில் உள்ளது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் அளிப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் வீட்டுக்குப் பின்னுள்ள மண் தொழிலாளருக்குச் சொந்தமன்று. பணி முடிந்தால் வீட்டை விட வேண்டும். முப்பது ஆண்டு உரமிட்ட பாத்தியும் அத்துடன் போய்விடும். "இது நமது" என்ற எண்ணமில்லாத மண்ணில் மரம் வைப்பார் யார்? சமவெளியிலும், கூரையிறங்கும் இடத்தோடு மனை முடிந்துவிடும் குடும்பங்கள் எத்தனை! அவர்களிடம் விதைப் பொட்டலத்தை நீட்டி, 'தன்னிறைவு அடைக' என்பது பசித்தவனிடம் வெறும் இலையை விரிப்பது போன்றது.

இம்மலைக்கு அப்பால் உள்ள கேரளம் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளது. அங்கு 1998-இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தில், சொந்த நிலமில்லாத பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறியும் நெல்லும் வாழையும் பயிரிடுகின்றனர். தனித்தனியே நிலம் பெற இயலாதவர்கள் குழுவாகப் பெற முடிந்தது. நம் மாநிலத்தில் ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. அவற்றுக்குக் கடன் மட்டுமன்றி, ஓரிரு சென்ட் மண்ணும் கிடைக்குமாறு செய்வது ஊராட்சியின் கையில் உள்ளது.

கட்டளையால் விளையாது

அண்டை நாடாகிய இலங்கையின் அனுபவமும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கும் மலையகத் தமிழர் தேயிலைக்கு நடுவே லயன் அறைகளில் வாழ்கின்றனர். 2021-இல் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது, விளைச்சல் குறைந்தது, அவ்வாண்டு இறுதிக்குள் தடையைத் தளர்த்த நேர்ந்தது. 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்து உணவு நெருக்கடி முற்றியபோது, அரசு ஊழியர் வீட்டில் பயிரிடுவதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க முடிவாயிற்று. நெருக்கடி வந்தபின் விதைத்தால், விளையும் வரை பசித்திருக்க வேண்டும். இயற்கை உரமும் ஒரே நாளில் உண்டாவதில்லை. குழியில் மக்கக் காலம் வேண்டும். தன்னிறைவு என்பது அவசரகாலக் கட்டளையன்று. அமைதிக் காலத்துப் பழக்கம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கீழ்க்கண்ட ஐந்தையும் கருத்திற்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

1. அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில், கொல்லை நிலம் உள்ள வீடுகள், இல்லாத வீடுகள் எனப் பட்டியல் எடுத்தல். நிலமுள்ளோருக்கு விதை, இல்லாதோருக்கு முதலில் இடம்.

2. ஊராட்சிக்கு உரிய நிலத்தில் விதிகளுக்குட்பட்டு ஒரு பகுதியை, ஆக்கிரமிப்புக்கு இடமின்றி, மகளிர் குழுத் தோட்டமாக ஆண்டு உடன்படிக்கையில் ஒதுக்க முயலுதல். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அருகிலுள்ள இடம் மிகச் சிறந்தது.

3. விதைக்கு ஆண்டுதோறும் கையேந்தாமல், ஊருக்கு இரண்டு மூன்று வீடுகளை 'விதை வீடுகளாக' ஏற்படுத்துதல். அவ்வீடுகளில் சில கீரைச் செடிகளையும் அவரைக் கொடிகளையும் பறிக்காமல் முற்றவிட்டு, விதை சேர்த்து மற்றவர்க்குப் பகிரலாம். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் விதைகளை இவற்றின் தொடக்கமாகக் கொள்க.

4. பொதுக்குழாயில் வீணாகும் நீரையும், வீட்டுக் கழிவுநீரில் சோப்புக் குறைந்த பகுதியையும் பாத்திக்குத் திருப்பும் சிறு வாய்க்கால்களை அமைத்தல்.

5. காட்டோர ஊர்களில் விதை வழங்குமுன் வனத்துறையினரைக் கலந்து, வைக்கத்தகாத பயிர்களின் பட்டியலையும் வீடுதோறும் அறிவித்தல்.

பதிவேட்டில் எத்தனை பொட்டலம் வழங்கினோம் என்று எழுதுவதோடு நில்லாமல், ஆறு மாதம் கழித்து எத்தனை பாத்தி உயிரோடு உள்ளது என்றும் எழுதுவோமாக. அந்த இரண்டாவது எண்ணே நம் பணியின் அளவுகோல்.

அன்பர்களே! வால்பாறையின் அந்தத் தாயாருக்குச் சொந்தமாக ஒரு முழ நிலமும் இல்லை. ஆயினும் அவருடைய பேரக்குழந்தைகளின் தட்டில் நாள்தோறும் பச்சை இருக்கிறது. அவர் உழைப்பால் அதைச் செய்துவிட்டார். ஆனால் மகளின் பணி முடியும் நாளில் அந்தப் பாத்தியும் கைவிட்டுப் போகும் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். நம் ஊர்களில் அத்தகைய தாய்மார்க்கு உழைக்க ஓரிரு சென்ட் இடத்தையும், அது நாளையும் தமக்கிருக்கும் என்ற உறுதியையும் தருவது நம் கடமை. வரும் கிராம சபையில் அதற்கான முதல் தீர்மானத்தை நிறைவேற்றுவோமாக.